குழியை மூடினோம், ஊருணி தெளிந்தது

ஊருணித் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யாராவது ஓடிவந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? சந்தோஷப்படுவீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஊரே செய்தது. யூனியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, அந்தச் சந்தோஷம் எப்படிப் போய் எங்கே முடிந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். மண் எத்தனை கன அடி, ஆள் எத்தனை என்ற கணக்கெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

நான் படித்துவிட்டு வந்தவன் இல்லை. மண்வெட்டி பிடித்து, அப்புறம் அளவுச் சங்கிலி பிடித்து, அப்புறம் மேஸ்திரி ஆனவன். எழுத்துக் கூட்டிப் படித்தது மைல்கல்லிலும் கடைப் பொட்டலத் தாளிலும்தான். மற்றதெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது. ஒரு ஊரில் வேலைக்குப் போனால் முதலில் அங்கே என்ன பழமொழி ஓடுகிறது என்று கேட்பேன். எந்த ஊரில் எதற்குப் பயப்படுகிறார்கள், எதில் பெருமைப்படுகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசுகள் வந்த புதுசு அது. புதுக்கோட்டை தனி ஜில்லா ஆகவில்லை, திருச்சியோடு சேர்ந்திருந்தது. ஆபீசுக்கு ஒரே ஒரு ஜீப். அது பெரிய அதிகாரிக்கு. எங்கள் எஞ்சினியர் திருமயம் வரைக்கும் பஸ்ஸில் வருவார், அங்கிருந்து என்னோடு சைக்கிளில் வருவார். இருபது சொச்சம் வயதுப் பிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் வீட்டு வாசலில் ஓடுகிற ஊர். கெட்டிக்காரர், நல்ல மனசு. வயதில் என்னைவிடச் சின்னவர், உத்தியோகத்தில் பெரியவர். அதனால் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை வாங்க போங்க என்பார். ரெண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

திருமயத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் ரோஷக்காரர்கள். அங்கே குடிக்கிற தண்ணீருக்கு ஒரே ஒரு ஊருணி. கிணறு வெட்டினால் உப்பு. வருஷத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் ஊருணியில் இறங்கி, அடுத்த ஐப்பசி வரைக்கும் ஊருக்குச் சோறு வடிக்க வேண்டும். மேற்கே இருக்கிற செம்மண் பொட்டலில் விழுகிற மழை, ஒரு வரத்துக்கால் வழியாக ஓடி வந்து இதில் சேரும். அதனால் தண்ணீர் செந்நிறமாகத்தான் இருக்கும். குடத்தில் பிடித்து, தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு வைத்தால் மண் அடியில் தங்கும். அப்போதும் ஒரு மெல்லிய சிவப்பு மிச்சம் இருக்கும். அந்தச் சிவப்பில்தான் அவர்களுக்குப் பெருமை. "எங்க தண்ணிக்கு நெறமும் உண்டு, கொணமும் உண்டு" என்பார்கள்.

எங்கள் எஞ்சினியர் முதல்முறை அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிட்டார். காவிரித் தண்ணீர் குடித்த வாய். எங்கள் ஊரில் இதில் மாட்டைக்கூடக் குளிப்பாட்ட மாட்டோம் என்று என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் குடத்தோடு நின்ற செல்லாயி அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. இந்தச் செல்லாயி அக்கா யாரென்றால், அந்த ஊர் அம்பலகாரரின் உடன்பிறந்த அக்கா. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அம்பலம்தான் அப்போது பஞ்சாயத்துத் தலைவர். ஊரெல்லாம் அம்பலத்துக்கு அடங்கும், அம்பலம் அக்காவுக்கு அடங்குவார்.

"ஒங்க ஊரு மாட்டை இங்கிட்டு ஓட்டிட்டு வாங்க சார்," என்றார் அக்கா. "ஒரு வாரம் இந்தத் தண்ணியக் குடிக்கட்டும். அப்புறம் திரும்பிப் போவோம்னு கயித்தை அவுத்தா முட்டும்."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். அன்றைக்கே அவர்களுக்குள் ஒரு சிநேகம் விழுந்துவிட்டது.

இனி குழிக்கு வருகிறேன். அந்தச் செம்மண் பொட்டலில், வரத்துக்காலை ஒட்டி, ஒரு பழைய செம்புராங்கல் குழி இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் செம்புராங்கல்லை அறுத்து அறுத்து எடுத்துவிட்டு, கல் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். மழை பெய்தால் முதலில் குழி நிறையும், நிறைந்து வழிந்த பிறகுதான் ஊருணிக்குத் தண்ணீர் போகும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஒரு நாள் அம்பலத்தின் சினைப்பசு அதற்குள் விழுந்துவிட்டது. பசு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறொருவர் ஆட்டுக்குட்டி. போதாதா? குழியை மூட வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது. நியாயமான முடிவுதான்.

எதைப் போட்டு மூடுவது என்பதில்தான் கதையே இருக்கிறது.

பொட்டலுக்கு அந்தப்புறம் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. செட்டிமார் ஊர்களில் பெரிய பெரிய வீடாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ராவும் பகலும் எரிந்த காளவாய். வீடு கட்டுவது குறைந்ததும் அணைந்துபோனது. அதன் கழிவு மலைபோலக் கிடந்தது: பாதி வெந்த கல், சாம்பல், தானாகப் பூத்துப் பொடியான சுண்ணாம்பு. காற்றடித்தால் ஊருக்குள் பறந்து எல்லோருக்கும் இருமல். அதை அள்ளிக் குழியில் போட்டால் ரெண்டு தொல்லையும் ஒரே நாளில் தீரும் என்றார் அம்பலம். கண்மாய் மண்ணைப் போடலாமே என்று ஒருவர் இழுத்தார். அதற்கு அம்பலம் சொன்ன பதிலை ஊரே ஒப்புக்கொண்டது. காலரா வந்தபோது கிணற்றில் என்ன போட்டோம்? சுண்ணாம்பு. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ண என்ன அடிக்கிறோம்? சுண்ணாம்பு. அப்படியிருக்க, குடிக்கிற தண்ணீர் வருகிற வழியில் அழுக்கு மண்ணைப் போடுவதா, வெள்ளைச் சுண்ணாம்பைப் போடுவதா?

பாருங்கள், ஊருணி மேல் அக்கறை இல்லாதவர்கள் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள். கையில் கிடைத்த குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஊருணியைச் சாமிபோல நினைத்தவர்கள், சாமிக்குச் சுத்தமானதைக் கொடுக்கிறோம் என்று நினைத்துச் செய்தார்கள். எஞ்சினியர் யோசித்துப் பார்த்துச் சரியென்றார். அன்றைக்கு ஆட்டாத தலை ஒன்றுகூட அங்கே இல்லை.

சிரமதானம் என்று அப்போது ஒரு வேகம் இருந்தது. ஊர்கூடி வேலை செய்தால் திருவிழா மாதிரி. வண்டி கட்டினார்கள், கூடை எடுத்தார்கள், கடலை வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாயந்திரத்துக்குள் ஆண் பெண் எல்லோரும் தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை. யார் வீட்டுக்காரர் யாரென்று தெரியவில்லை, இன்னைக்கு யாரோடு போனாலும் குத்தமில்லை என்று ஒரு கிழவி சொல்ல, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. குழி மேடானது. அம்பலம் அதன்மேல் ஏறி நின்று நாலு திசையும் கும்பிட்டார்.

ஐப்பசி முதல் மழை வந்தது. ஊருணி கால்வாசி நிறைந்தது. வழக்கம்போலச் சிவப்பாக வந்த தண்ணீர், ரெண்டு மூன்று நாளில், யாரும் தேத்தாங்கொட்டை போடாமலே, தெளிந்து நின்றது. எப்படித் தெளிவு என்கிறீர்கள்? அடிப்படிக்கட்டில் கிடந்த ஒரு வளையல் துண்டு கரையில் நின்றால் தெரிந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தார்கள். பால் ஊருணி என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். எங்கள் எஞ்சினியர் முதல்தடவையாக அந்த ஊர்த் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தார்.

அப்புறம் பருப்பு வேகவில்லை.

எந்த வீட்டிலும் வேகவில்லை. எவ்வளவு விறகு வைத்தாலும் துவரம்பருப்பு சரளைக்கல்லாகவே கிடந்தது. பெண்டுகள் பருப்பைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்த ஒரே கடைக்குப் போனார்கள். கடைச் செட்டியார் பழைய பருப்பைத் தள்ளிவிடுகிறார் என்று ஏச்சு. அவர் பாவம், நல்ல மனுஷர். புதுமூட்டையை அவிழ்த்துக் காட்டினார், கோயில் இருந்த பக்கம் கை நீட்டிச் சத்தியம் செய்தார். வேகாத பருப்புக்குச் சத்தியம் எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். அடுத்து சோறு மஞ்சளடித்தது. அதற்கு ஆலங்குடி ரைஸ்மில்காரன்தான் காரணம், நெல்லைச் சரியாக அவிக்கவில்லை என்றார்கள். சோப்பு நுரைக்கவில்லை. அதற்குச் சந்தையில் சோப்பு விற்றவன் காரணம். மோர் ஊற்றினால் ருசி சப்பென்று இருந்தது. அதற்கு மாடு காரணம்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் பலபேர் மேல் புகார் வந்தால், அந்தப் பலபேரையும் தொட்டுக்கொண்டு போகிற ஒன்று எதுவென்று தேடுங்கள். நாங்கள் தேடவில்லை. தண்ணீர்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஜனங்கள்தான், ஊருணிக்கே பால் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அம்பலத்தின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எஞ்சினியரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கிறார். செல்லாயி அக்கா ஆரத்தி கரைக்கிறார். தாம்பாளத்தில் ஊருணித் தண்ணீரை ஊற்றி, மஞ்சள்பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே, சுண்ணாம்பு எங்கே என்று திரும்பிக் கை நீட்டினார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால்தானே சிவக்கும்? நீட்டின கைக்குச் சுண்ணாம்பு வருவதற்குள் தட்டு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

யாருடி இதுக்குள்ள போட்டது என்று அக்கா கேட்டார். யாரும் போடவில்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு தாம்பாளம் எடுத்து, கழுவி, மறுபடி ஊற்றிக் கரைத்தார். மறுபடியும் அதே சிவப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்ல காரியத்தில் இது என்ன சகுனமோ என்று ஒரு குரல் கேட்டது. வாசலில் அம்பலத்தின் முகம் சுருங்கிப்போனது.

செல்லாயி அக்கா தட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "மாப்பிள்ளைய பாத்ததும் மஞ்சளுக்கே வெக்கம் வந்துருச்சு. நீங்க என்னத்தா பேசாம நிக்கிறீக? கொலவை போடுங்க."

குலவையும் சிரிப்புமாக ஆரத்தி முடிந்தது. சமயத்தில் வாய் உதவுகிற மாதிரி வேறு எதுவும் உதவாது, தம்பிகளே. ஆனால் அக்காவின் மனது அங்கே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பந்தியில் நாங்கள் கை கழுவுவதற்குள் அந்த ரெண்டு தட்டையும் கொல்லைப்பக்கம் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

எஞ்சினியர் தட்டைப் பார்த்தார். அப்புறம் பொட்டல் இருந்த பக்கம் பார்த்தார். கொஞ்சம் மஞ்சள்பொடி கொடுங்க அக்கா என்றார். கல்யாணச் சட்டையோடு நாங்கள் மூன்று பேரும் ஊருணிக்கரைக்குப் போனோம், வரத்துக்காலுக்குப் போனோம், குழி இருந்த இடத்துக்குப் போனோம். ஊருணித் தண்ணீர் செங்கல் நிறம். கால்வாயில் தேங்கி நின்றது அதைவிடச் சிவப்பு. மூடின குழியின் ஓரத்தில் கசிந்து நின்ற தண்ணீரில் மஞ்சள் பட்டதும் ரத்தம் மாதிரி ஆனது.

எஞ்சினியர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். படித்த பிள்ளை, ஒரு நொடியில் எல்லாம் கூடிவிட்டது அவருக்கு. சுண்ணாம்பு, தண்ணீரிலிருக்கிற செம்மண்ணைப் பிடித்துக் கட்டியாக்கி அடியில் இறக்கிவிடும். அதனால்தான் தெளிவு. இறங்கினது மண், மேலே நிற்பது சுண்ணாம்பு. பருப்பு வேகாததும் சோறு மஞ்சளடித்ததும் சோப்பு நுரைக்காததும் அதனால்தான். இன்னொன்றும் சொன்னார். அந்தக் குழி சும்மா கிடக்கவில்லை, முதல் மழையில் வருகிற அழுக்கையும் வண்டலையும் வாங்கி வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் அதன் வாயையும் அடைத்துவிட்டோம் என்றார்.

வடகிழக்கே வானம் கருத்திருந்தது. அடுத்த மழை அதோ இதோ என்று நின்றது. அந்த மழையும் இந்தச் சுண்ணாம்பின் வழியாக ஓடி வந்து ஊருணியை நிரப்பினால், அடுத்த ஐப்பசி வரைக்கும் ஊருக்குக் குடிக்க அதுதான்.

கல்யாணப் பந்தல் பிரிப்பதற்குள் அம்பலத்திடம் சொல்லியாக வேண்டும். சொன்னோம். மனுஷர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் பயந்தார். குழியைத் தோண்டி எடுக்க மழை இடம் கொடுக்காது. ஊருணிக்கு முன்னால் வரத்துக்காலில் கல் சட்டம் வைத்த ஒரு மடை உண்டு. அதில் பலகையைப் போட்டால் தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் பக்கத்து வாய்க்கால் வழியாகப் பெரிய கண்மாய்க்குப் போய்விடும். கண்மாய் கடல் மாதிரி, அதற்கு இது ஒரு கைப்பிடி. பலகையைப் போட்டுவிடலாம் என்றார் எஞ்சினியர்.

"பலகையப் போட்டுட்டு, இதோட மழை நின்னு போச்சுன்னா?" என்று கேட்டார் அம்பலம். "கெட்ட தண்ணியின்னாலும் அது தண்ணி சார். இல்லாத தண்ணிய எந்தக் குடத்துல மொள்றது?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் எஞ்சினியர் உத்தரவு போட்டிருக்கலாம், அதிகாரம் இருந்தது. போட்டிருந்தால் நாங்கள் சைக்கிள் ஏறினதும் பலகையைத் தூக்கியிருப்பார்கள். அவர் செய்தது வேறு. முடிவு என்னுடையதும் வேண்டாம், உங்களுடையதும் வேண்டாம், தாம்பாளம் சொல்லட்டும் என்றார். மழை பெய்ய ஆரம்பித்ததும் மடையில் பலகை. ஊர் முழுக்கக் கரையில் நிற்க வேண்டும். செல்லாயி அக்கா வருகிற தண்ணீரைத் தட்டில் மொண்டு மஞ்சள் போடுவார். சிவந்தால் பலகை இருக்கும். மஞ்சள் மஞ்சளாக நின்றால் பலகை எடுக்கப்படும். அந்த ஊரில் சிவந்த மஞ்சள் எது, சிவக்காத மஞ்சள் எது என்று தெரியாத ஆளே கிடையாது. அளவுகோல் நம் பையில் மட்டும் இருந்தால் ஜனங்கள் நம்மைச் சந்தேகப்படுவார்கள். எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்த அளவுகோலைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. அந்தப் பிள்ளை அதை எங்கே கற்றுக்கொண்டாரோ தெரியாது.

மறுநாள் காலையில் மழை பிடித்தது. நல்ல மழை. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஊரே கரையில் நின்றது. கல்யாண வீட்டு விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள், புதுமாப்பிள்ளை உட்பட. வரத்துக்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து, பலகையில் முட்டி, பக்கத்துக் காலில் திரும்பிக் கண்மாய்க்குப் போனது. அக்கா முதல் தட்டை மொண்டார். ரத்தச் சிவப்பு. ரெண்டாவதும் சிவப்பு. கண் முன்னால் அவ்வளவு தண்ணீர் வீணாக ஓடுவதை அந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பணக்காரன் வீட்டில் சோறு கொட்டுவதைப் பசித்தவன் பார்க்கிற மாதிரி.

நேரம் போகப் போகத் தட்டு செங்கல் நிறமானது. அப்புறம் ஆரஞ்சுப் பழத்தோல் நிறமானது. இன்னும் கொஞ்சம்தான் என்று எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மழை இளைக்க ஆரம்பித்தது.

அப்போது எழுந்தது பாருங்கள் கூச்சல். தொறங்க, தொறங்க என்று ஒரு பக்கம். எங்க பிள்ளைகுட்டி என்னத்தக் குடிக்கும் என்று ஒரு பக்கம். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு எங்க தண்ணியப் பத்தி என்ன தெரியும் என்று ஒருவன் எஞ்சினியர் காதில் படவே சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிறது. ஒரு சாண் மட்டும் தூக்கலாமா மேஸ்திரி என்றார். முந்தின நாள் தாம்பாளம் சொல்லட்டும் என்று சொன்னவர்தான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எதிரே ஒரு ஊர் நின்று கத்தும்போது முதுகு வளையாத மனுஷன் யார்? அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். பொறுங்கள் சார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அக்கா கடைசித் தட்டை மொண்டு மஞ்சள் போட்டார். தம்பியிடம் நீட்டினார். அம்பலம் அதை வாங்கி ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. நடுவில் நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பலகை எழுந்துவிடும். முந்தின நாள் எங்களோடு மல்லுக்கு நின்றவர். நாலு பேர் பலகையில் கை வைத்து அவர் வாயைப் பார்க்கிறார்கள்.

அவர் தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்துபோய் அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு நாளைக்கு அவுக ஊருக்குப் போகுது. மாசமா திரும்பி வந்து எங்கிட்டதான் தண்ணி கேக்கும். இதையா குடுக்கச் சொல்றீக? இருக்கட்டும். மூடியே இருக்கட்டும்."

பலகையில் கை வைத்திருந்த நாலு பேரும் கையை எடுத்தார்கள். மழை நின்றது. வரத்துக்கால் வற்றியது. ஊருணிக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

சரியான முடிவு எடுத்தால் உடனே பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் முதலில் கிடைப்பது ஏச்சுதான். அம்பலத்துக்கு அன்றைக்குக் கிடைத்தது. ஆனால் மறுநாள் பொழுது விடிந்தபோது வண்டியெல்லாம் பூட்டியாகிவிட்டது. எந்தக் கையால் அள்ளிப் போட்டார்களோ அதே கையால் சுண்ணாம்பைத் தோண்டி எடுத்தார்கள். ஊருணிக்கு மழைத்தண்ணீர் வராத தாழ்வான தரிசுக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கொட்டினார்கள். இந்தத் தடவை கடலை வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் கடைச் செட்டியார். வாங்கிக்கொள்ளுங்கள், இதுவாவது பல்லுக்கு வேகும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுத்தார். வாங்கினவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

குழியை மறுபடி மூடவில்லை. சுற்றிலும் கருவேல முள்ளால் வேலி கட்டினோம், மாடு இறங்காமல். அடியிலும் பக்கத்திலும் ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தோம். அதன் பிறகுதான் கஷ்டமான வேலை. ஊருணியில் கால்வாசி நின்ற பால்தண்ணீரை என்ன செய்வது? அதை வைத்துக்கொண்டு மேலே நல்ல தண்ணீர் விட்டால் கலந்துவிடும். இறைத்துவிட்டால், மழை பொய்த்தால் ஒன்றுமே இல்லை. செல்லாயி அக்காதான், கெட்டுப்போன குழம்பு மேல நல்ல குழம்பை யாராச்சும் ஊத்துவாங்களா என்றார். இறைகூடையைக் கட்டி, ரெண்டு ரெண்டு பேராக நின்று, ஊருணியைத் தரை தெரிய இறைத்துப் போட்டார்கள். இருக்கிற தண்ணீரைக் கொட்டுவதற்கு ஒரு ஊருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நான் அன்றைக்குப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், அப்படி ஒன்றை மறுபடி பார்க்கவில்லை.

அந்த நாட்களில் குடிக்கப் பக்கத்து ஊர் ஊருணியில்தான் மொண்டார்கள். அந்த ஊர்ப் பெண்டுகள் தாராளமாக இடம் விட்டார்கள், வாயை மட்டும் மூடவில்லை. பால் குடிச்சு வளந்த பிள்ளைகளுக்கு எங்க செந்தண்ணி சேருமா ஆத்தா என்று கேட்பார்களாம். அக்கா அதை எங்களிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வானத்தை மட்டும் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எஞ்சினியர் திருமயத்திலிருந்து தினமும் வந்தார். வேலை ஒன்றும் இல்லாத நாளிலும் வந்தார். குழியை மூடிய வேலை முடிந்ததென்று அவர் முன்னொரு நாள் சொன்னபோது அது முடியவில்லை. மண்வேலை முடிந்ததா என்று மழைதான் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இதுதான்: ஒரு குழியை மூடினாலும் வெட்டினாலும், அடுத்த மழைக்கு அந்த ஊருக்குத் திரும்பிப் போங்கள். குழியைப் பார்க்காதீர்கள், கீழே தண்ணீர் போய் நிற்கிற இடத்தைப் பாருங்கள்.

கார்த்திகை பாதியில் மேகம் இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டு வேளை. முதலில் தூறல், அப்புறம் பனைமரம் மறைகிற மழை. சோற்றில் வைத்த கையோடு ஜனங்கள் கரைக்கு ஓடினார்கள். பலகை போட்டிருந்தது. குழி நிறைகிற வரைக்கும் வரத்துக்காலில் ஒன்றும் வரவில்லை, அது ஒரு தனி வேதனை. அப்புறம் வந்தது, சிவப்பாக, குழைந்த செம்மண் வாசனையோடு. அக்கா மொண்டார். மஞ்சள் போட்டார். தட்டை ஆட்டினார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். செம்மண் மெல்ல அடியில் தங்க, மேலே மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

இன்னொரு தட்டு பார்த்துவிடலாம் என்றார் எஞ்சினியர். பார்த்தோம். மஞ்சள். இன்னொன்று என்றார். அக்கா தட்டைக் கவிழ்த்துவிட்டு, மஞ்சள்பொடி தீந்துபோச்சு தம்பி என்றார். முந்தானையில் முடிந்திருந்த பொடி எனக்குத் தெரிந்தது.

எஞ்சினியர் அம்பலத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அம்பலம் வரத்துக்காலில் இறங்கி, பலகையை ரெண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் மேலே எடுத்தார். அத்தனை நாள் காத்திருந்த தண்ணீர் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஊருணிக்குள் பாய்ந்தது. அவருக்கு நகர மனம் வரவில்லை. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் செந்தண்ணீருக்கு நடுவிலேயே நின்று சிரிக்கிறார், கண்ணிலிருந்து வருவது மழையா வேறா என்று தெரியவில்லை. கரையில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

செல்லாயி அக்காவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

"என்னடா அங்கிட்டு நின்னு கால் கழுவிக்கிட்டிருக்கே? குடிக்கிற தண்ணிடா அது. ஏறு மேல."

பஞ்சாயத்துத் தலைவர் மறுபேச்சில்லாமல் கரையேறினார்.